எருமை முதுகில் உட்காராத கொக்கு

ஜூலை 6, இரவு

அக்கா,

இதை யாரிடமும் காட்டாதே. கூடாரத்தில் உன்னோடு இருப்பவர்களிடம்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துப் போடு. கிழிக்க மனம் வராவிட்டால் உன் பூட்ஸுக்குள் திணித்து வை. நீ வீட்டை விட்டுப் போனதிலிருந்து உன் பேச்சை எடுத்தாலே அப்பா சாப்பாட்டிலிருந்து எழுந்து போய்விடுகிறார். நீ எனக்குக் கேமரா லென்ஸ் அனுப்பியது தெரிந்தால் என்ன ஆகும்?

பார்சல் வந்து சேர்ந்தது. எதிர்வீட்டுத் தையல்கார அக்கா அதைத் துணிக்குள் சுருட்டி, "உன் யூனிஃபார்ம் ரெடி, போட்டுப் பாரு" என்று அம்மா முன்னாலேயே நீட்டினாள். நான் அதை வாங்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். அவளோ வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பதிலையும் அவள் முகவரிக்கே போடு.

லென்ஸ் என்ன கனம்! தண்ணீர் நிரம்பிய பாட்டிலைக் கேமராவின் மூக்கில் கட்டிவிட்டது போல் இருக்கிறது. நீ விட்டுப்போன பழைய கேமராவை மெத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டினேன். லென்ஸின் மேல் நீ ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தேன்: 'கீழே போட்டால் கொலை விழும்.' உன் கையெழுத்தைப் பார்த்ததும் உன்னையே பார்த்தது மாதிரி இருந்தது.

முதலில் பூனையை எடுக்கப் பார்த்தேன். லென்ஸ் முன்னும் பின்னும் விர்விர்ரென்று ஓடியது, பூனை தெளியவே இல்லை. கெட்டுப்போய்விட்டது என்று அழுதே விட்டேன். பிறகுதான் புரிந்தது, அதற்குக் கிட்டே இருப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. மாடிப்படித் திருப்பத்து ஜன்னலுக்குப் போய்த் தூரத்தைப் பார்த்துத் திருப்பினேன். பேருந்து நிலையக் கடிகாரத்தின் நொடிமுள் தெரிந்தது! லென்ஸின் ஜூம் வளையத்தைக் கடைசி எண்ணான முந்நூறுக்குத் திருப்பினால் என் நெஞ்சு அடிப்பதற்கெல்லாம் கடிகாரம் குதிக்கிறது. அரிசி டப்பாவின் மேல் துண்டை மடித்து வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்தேன், உடனே அடங்கிவிட்டது. மத்தியானத்தில் மட்டும் ஒன்றும் சரியாக வருவதில்லை. வெயில் கூரைகளின் மேல் நெளிந்து படமெல்லாம் தண்ணீரில் ஊறியது போல் ஆகிவிடுகிறது. காலை எட்டு மணிக்குள் எடுத்தால் கண்ணாடி மாதிரி.

இன்னொன்று. சொன்னால் நம்பமாட்டாய். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அப்பா ஓட்டும் கிரேன் இருக்கிறதல்லவா, அதன் கேபினைப் பார்த்தேன். அப்பா பாடிக்கொண்டிருந்தார். வாய் அசைகிறது, ஒரு கை நெம்புகோலில், இன்னொரு கை தொடையில் தாளம் போடுகிறது. வீட்டில் உப்புக் கேட்பதற்குக்கூட வாயைத் திறக்காத மனிதர். நான் படம் எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை.

அம்மா இருமுகிறாள். விளக்கை அணைக்கிறேன்.

சுண்டெலி


ஜூலை 15

சுண்டெலிக்கு,

உன் கடிதம் பூட்ஸுக்குள்தான் இருக்கிறது. இன்று முழுக்கச் சேற்றில் நின்றதால் பாதி எழுத்து கரைந்துவிட்டது. ஆகவே உன் ரகசியம் பத்திரம்.

இங்கே சிக்னல் இல்லை, குளியலறை இல்லை, வாரம் இரண்டு முறை காய்கறி வண்டியோடு தபால் வருகிறது. உன் கடிதம் வந்த அன்று தக்காளியைக்கூட நான் பார்க்கவில்லை. அந்த லென்ஸ் எனக்குப் பழையது, உனக்குப் புதியது. எனக்கு இதைவிடப் பெரியதைக் குழுவில் கொடுத்துவிட்டார்கள். அரிசி டப்பாவும் துண்டும் நல்ல யோசனை. எங்கள் தலைவர் இதைக் கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆயிற்றாம்.

அவர் போன வாரம் என் மானத்தை வாங்கினார். பறவைக் கணக்கெடுப்பு நோட்டில் நான் 'எருமை முதுகில் ஒரு கொக்கு' என்று எழுதியிருந்தேன். படமும் இருந்தது, கொக்கு அரசன் மாதிரி எருமை மேல் உட்கார்ந்திருக்கிறது. "அம்மணி, அந்தக் கொக்கு எதிர்க்கரையில நிக்குது, எருமை இந்தக் கரையில மேயுது. நடுவுல ஏரியே கெடக்கு" என்றார். நீள லென்ஸ் தூரத்தை அப்படி நசுக்கிக் காட்டும். அதனால்தான் இங்கே எப்போதும் இரண்டு கரையிலிருந்தும் பார்த்து எண்ணுகிறோம். இப்போது எல்லோரும் என்னை எருமைக்கொக்கு என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அப்பா பாடினாரா? நம் அப்பாவா? எனக்கு இருபத்திரண்டு வயது முடிந்துவிட்டது, ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவர் சொல்லி வாங்கி வைத்த அலுவலக வேலையை வேண்டாம் என்றதற்கு, "பறவை எண்ணுறதெல்லாம் ஒரு வேலையா? போனா போனதுதான்" என்று வாசலில் நின்று சொன்ன குரல்தான் என் காதில் இருக்கிறது. பாடட்டும். எனக்கென்ன.

என்ன பாட்டு என்று தெரிந்தால் எழுது.

அக்கா


ஜூலை 24, இரவு

அக்கா,

நான் பெரிய தப்பு செய்துவிட்டேன். உடனே பதில் எழுது.

போன வாரம் ஒரு நாள் லேசான காய்ச்சல் என்று அம்மா என்னை வீட்டிலேயே நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் காலைப் பிரார்த்தனைக்கு வரிசையில் நின்றார்கள். ஜன்னலிலிருந்து எடுத்தேன். வரிசை வரிசையாகத் தலைகள், மேலே அப்பாவின் கிரேன் தூக்கிய இரும்புக் குழாய்க் கட்டு, வெயில் பட்டுத் தங்கமாக மின்னியது. அப்படி ஒரு படத்தை நான் எடுத்தேன் என்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை. கடையில் அச்சுப் போட்டு, பெயர் எழுதாமல், ஓவிய டீச்சரின் சுவர்ப் பத்திரிகைப் பெட்டியில் போட்டேன். மறுநாள் அதன் முன்னால் அவ்வளவு கூட்டம். பத்தாம் வகுப்பு அண்ணன்கள்கூட "எவன்டா இதை எடுத்தான்" என்று கேட்டார்கள். எவனும் இல்லை, நான்தான் என்று கத்த வேண்டும் போல் இருந்தது. ஒரு நாள் முழுக்க நான் தரையில் நடக்கவே இல்லை, அக்கா.

அடுத்த நாள் தலைமையாசிரியை அதைப் பார்த்தார். அவர் கண்ணுக்குத் தங்கம் தெரியவில்லை. பிள்ளைகளின் தலைக்கு மேல் இரும்பு தொங்குவதுதான் தெரிந்தது. படத்தைப் பிய்த்து எடுத்துக்கொண்டு நேராகக் கட்டட வேலை நடக்கும் இடத்துக்கே போய்விட்டார்.

அப்பா மத்தியானமே வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டு டப்பா திறக்காமலேயே இருந்தது. விசாரணை முடியும்வரை கிரேனில் ஏறக் கூடாதாம். தப்பு உறுதியானால் கிரேன் ஓட்டும் உரிமமே போய்விடும். பதினெட்டு வருடத்தில் பள்ளிக்கூடத்துப் பக்கமோ தெருப் பக்கமோ சுமையைத் திருப்பியதே இல்லை என்கிறார். ஆனால் அந்தப் பழைய கிரேனின் நீண்ட கை எங்கே திரும்பியது என்று பதிகிற கருவி எதுவும் கிடையாது. கீழே நின்று சைகை காட்டும் சிக்னல் அண்ணன், "சுமை மதிலைத் தாண்டலை" என்று சத்தியம் செய்தாராம். "நீ அவர் ஆளு, அப்படித்தான் சொல்லுவ" என்று அவர் வாயை அடைத்துவிட்டார்கள்.

ராத்திரி அப்பா அம்மாவிடம் சொன்னதைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். "படத்துல தெளிவா இருக்கு. நானே பார்த்தேன். எனக்குத் தெரியாம என் கை திருப்பியிருக்குமோ?"

அக்கா, அவர் தன் கையையே சந்தேகப்படுகிறார். ஏழு நாளாக அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். படம் எடுத்தது நான் என்று சொன்னால் லென்ஸ் யாருடையது என்று கேட்பார். சொல்லாவிட்டால்?

சு.


ஜூலை 29

சுண்டெலி,

வாயைத் திறக்காதே. முதலில் அது.

யாரும் உன்னைக் கேட்கவில்லை, படத்தில் பெயரும் இல்லை. லென்ஸை மெத்தைப் பெட்டியின் அடியில் வை. நான் அனுப்பியதால்தான் அவர் வேலை போயிற்று என்று ஆனால், இந்த ஜென்மத்தில் என்னால் அந்த வாசலை மிதிக்க முடியாது. இப்போதும் மிதிக்கவில்லைதான். ஆனாலும் ஒரு நாள் வரலாம் என்று ஒரு நினைப்பு இருக்கிறதே.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. அப்பா நிஜமாகவே திருப்பவில்லை என்று உனக்குத் தெரியுமா? தான் நினைத்ததுதான் சரி என்று நிற்கிற மனிதர் அவர். அவசரத்தில் ஒரு நாள் குறுக்கு வழியில் திருப்பியிருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

இதை எழுதி அடித்தேன், மறுபடி எழுதினேன். காய்கறி வண்டி கிளம்புகிறது.

அக்கா


ஆகஸ்ட் 4, இரவு

அக்கா,

கோபப்படாதே என்றாய். பட்டுவிட்டேன். உன் கடிதத்தை இரண்டு நாள் தொடவே இல்லை.

நீ கேபினில் அவரைப் பார்த்ததில்லை. நான் லென்ஸில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு சுமையைத் தூக்கும் முன்னும் பாட்டை நிறுத்துவார். கீழே பார்ப்பார், பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு தடவை பார்ப்பார், அப்புறம்தான் கை நகரும். சுமை இறங்கிய பிறகுதான் மறுபடி வாய் அசையும். அப்படிப்பட்டவர் குறுக்கு வழியில் திருப்புவாரா?

சரி, லென்ஸ்தான் பொய் சொல்கிறது என்று நினைத்தேன். நேற்று அதே ஜன்னலில் நின்று வளையத்தை எழுபதுக்குத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் சின்னதாயிற்று, அவ்வளவுதான். அப்பாவுக்குப் பதிலாக வந்திருக்கும் ஆள் தூக்கிய சுமை, அப்போதும் பள்ளிக்கூட மேடைக்கு நேர் மேலேதான் நிற்கிறது. லென்ஸைக் கழற்றி வெறும் கண்ணால் பார்த்தேன். அப்போதும் அப்படித்தான்! ஓடிப் போய்ப் பக்கத்துத் தெருவிலிருந்து பார்த்தேன். மேடை எங்கேயோ, சுமை எங்கேயோ. நடுவில் மைதானம், மரம், மதில் எல்லாம் கிடக்கிறது.

உடனே உன் எருமை நினைவுக்கு வந்தது. ஏரியே நடுவில் கிடக்கிறது! தெருவில் தனியாக நின்று சிரித்தேன். ஐஸ் விற்கிறவர் ஒரு மாதிரி பார்த்தார். தப்பு லென்ஸில் இல்லை, நான் நின்ற இடத்தில். அந்த ஜன்னலிலிருந்து யார் பார்த்தாலும் கொக்கு எருமை மேல்தான் உட்காரும்.

வருகிற வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழன், பதிமூன்றாம் தேதி விசாரணை. தலைமையாசிரியை அறையில். நான் போகிறேன். கால் இப்போதே நடுங்குகிறது, ஆனாலும் போகிறேன். லென்ஸ் யாருடையது என்று கேட்டால் என்ன சொல்வது என்பதை மட்டும் நீ சொல்.

சு.


ஆகஸ்ட் 9

என் சுண்டெலி,

என்னுடையது என்று சொல். பிளாஸ்திரியைக் கிழிக்காதே, அவர் படிக்கட்டும். உடைத்தால் உடைக்கட்டும்.

நான் கேட்டது தப்பு. இரண்டு கரையிலிருந்தும் பார்க்கிறோம் என்று பெருமை பீற்றினேன், அப்பாவை மட்டும் ஒரு கரையிலிருந்தே பார்த்துவிட்டேன்.

நடுங்கினால் அரிசி டப்பா.

அக்கா


ஆகஸ்ட் 14, இரவு

அக்கா!

ஜெயித்துவிட்டோம். மூச்சு வாங்குகிறது, ஆனால் வரிசையாகச் சொல்கிறேன்.

நேற்றுக் காலை கணக்கு வகுப்பிலிருந்து தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, புத்தகப் பையோடு தலைமையாசிரியை அறைக்கு முன் நின்றேன். பையில் புத்தகம் இல்லை. துண்டில் சுற்றிய கேமரா. மூன்று தடவை கதவு வரை போய்த் திரும்பினேன். நாலாவது தடவை கதவு தானாகத் திறந்துகொண்டது. சிக்னல் அண்ணன் வெற்றிலைக் கறை பல் தெரிய, "என்ன பாப்பா, வழி தவறிட்டியா?" என்றார்.

உள்ளே தலைமையாசிரியை, கட்டடப் பொறியாளர், பாதுகாப்பு அதிகாரி. அதிகாரி அறைக்குள்ளும் தன் வெள்ளை ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அதனால் அவருக்கு வெள்ளைத் தொப்பி என்று அங்கேயே பெயர் வைத்துவிட்டேன். அப்பா மட்டும் நின்றுகொண்டிருந்தார். மேசை மேல் என் படம்.

"அந்தப் படத்தை எடுத்தது நான்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

அப்பா திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. அது என்ன பார்வை என்று எனக்கு இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

"அப்போ படம் பொய்யாம்மா?" என்று வெள்ளைத் தொப்பி கேட்டார். படம் பொய்யில்லை, அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் அறுபது அடி தள்ளி இருப்பதும் தலைக்கு மேல் இருப்பது போலத்தான் தெரியும், பத்து நிமிடம் கொடுத்தால் காட்டுகிறேன் என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலைமையாசிரியைதான், "புள்ள இவ்வளவு தூரம் வந்து நிக்குது. பார்த்துடுவோமே" என்றார்.

வெள்ளைத் தொப்பியைப் பள்ளிக்கூட மேடை மேல் நிற்கச் சொன்னேன். சிக்னல் அண்ணனை மதிலுக்கு அந்தப் பக்கம், குழாய்களைத் தூக்கிய அதே இடத்தில், ஒரு டிரம்மின் மேல் ஏறி, சிமெண்ட் கலக்கும் சிவப்பு வாளியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். தலைமையாசிரியையும் பொறியாளரும் அப்பாவும் என்னோடு நம் மாடிப்படி ஜன்னலுக்கு வந்தார்கள். அம்மா கையில் கரண்டியோடு வெளியே வந்து, தலைமையாசிரியையைப் பார்த்ததும் அப்படியே உள்ளே போய்விட்டாள்.

கை நடுங்கியது. அரிசி டப்பாவை எடுத்து வைத்தேன். வாளி சரியான இடத்தில் இல்லை, ரொம்ப வலது பக்கம் போயிருந்தது. அப்போது அப்பா கேமராவிடம் குனிந்தார். லென்ஸைப் பிடித்தபோது உன் பிளாஸ்திரி அவர் விரலுக்கு அடியில் இருந்தது. படித்தார். கண்ணை வைத்துப் பார்த்தபடியே பொறியாளரின் போனை வாங்கி சிக்னல் அண்ணனிடம் பேசினார். "இடது பக்கம் வா. இன்னும். அரை அடி எறக்கு. மெதுவா. நிறுத்து." பதினெட்டு வருடமாகச் சைகை வாங்கியே பழகியவர் நேற்றுச் சைகை கொடுத்தார், அக்கா. அப்புறம் அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிப்பு!

"இப்ப எடு" என்றார். எடுத்தேன்.

படத்தில் வெள்ளைத் தொப்பியின் மேலேயே வாளி உட்கார்ந்திருந்தது. சிவப்பு வாளியைத் தலையில் சுமந்துகொண்டு ஒரு பாதுகாப்பு அதிகாரி மேடையில் விறைப்பாக நிற்கிறார். தலைமையாசிரியை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆனால் அத்தோடு முடியவில்லை. அதிகாரியும் அங்கே வந்து, படத்தைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, "சரி, இங்கேருந்து பார்த்தா ஏமாத்தும். ஒத்துக்கறேன். ஆனா அன்னிக்குச் சுமை மதிலுக்கு உள்ள வரலைன்னு இதுல எங்க இருக்கு?" என்றார். அதை நான் யோசிக்கவே இல்லை. எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

"அந்தப் பழைய படம் இதுக்குள்ள இருக்கா?" என்று அப்பா கேட்டார். இருந்தது. எடுத்துக் காட்டினேன். "பெருசாக்கு" என்றார். ஆக்கினேன். "இன்னும். குழாயோட இடது முனைக்குப் போ." கடையில் போட்ட அச்சு உள்ளங்கை அளவுதான், அதில் ஏதோ அழுக்கு போலத் தெரிந்தது கேமராவில் பெரிதாக விரிந்தது. மதிலை ஒட்டி நிற்கும் மரத்தின் ஒரு கிளை. அதன் இலைகள், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, குழாயின் மேலேயே கிடந்தன. குழாயை மறைத்துக்கொண்டு.

அப்பா தன் வலது கையை நீட்டி அந்த இலைகளைத் தொட்டுக் காட்டினார். விரல் ஆடவே இல்லை.

"மரம் மதிலோரமா இருக்கு. இலை இரும்புக்கு முன்னாடி இருக்கு. அப்போ இரும்பு மதிலுக்கு அந்தப் பக்கம்தானே சார்?"

வெள்ளைத் தொப்பி முதல் தடவையாக ஹெல்மெட்டைக் கழற்றினார். உள்ளே வழுக்கை. "நாளைக்கு மேல ஏறிக்கப்பா" என்றார். தலைமையாசிரியை அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டார். அப்பா, "புள்ளைங்களுக்காகத்தானே கேட்டீங்க, கேக்கணும்" என்றார். வாளிப் படத்தைச் சுவர்ப் பத்திரிகைக்குக் கேட்டார்கள். அதிகாரி கூடவே கூடாது என்றார். பிறகு படி இறங்கும்போது என்னிடம் குனிந்து, அவர் மனைவிக்குக் காட்ட ஒரு பிரதி கிடைக்குமா என்று மெதுவாகக் கேட்டார்.

என் பழைய படத்தையே சுவர்ப் பத்திரிகையில் மறுபடி ஒட்டப் போகிறார்களாம், இந்தத் தடவை ஜன்னலுக்குக் கீழே என் பெயரையும் எழுதி. மன்னிக்கவும், படத்துக்குக் கீழே. கை ஓடுகிற வேகத்தில் என்னென்னவோ எழுதுகிறேன்.

இன்று காலை எட்டு மணிக்கு முன்னால் ஜன்னலில் நின்றேன். அப்பா கேபினில் ஏறினார். பாடவில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கம் பார்த்தார், பிறகு நேராக நம் ஜன்னலைப் பார்த்தார். அவ்வளவு தூரத்தில் நான் அவருக்குப் புள்ளியாகக்கூடத் தெரிந்திருக்க மாட்டேன். ஆள்காட்டி விரலை மேலே நீட்டி வட்டமாகச் சுற்றினார். சிக்னல் அண்ணன் 'தூக்கு' என்பதற்குக் காட்டுகிற சைகை அது. அப்புறம் வாய் அசைய ஆரம்பித்தது.

இதை மட்டும் படம் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். உன் பூட்ஸுக்குள் வைத்துவிடாதே.

ஆனால் லென்ஸைப் பற்றி அவர் இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராத்திரி சாப்பிடும்போதும் பிளாஸ்திரியைப் பற்றியோ உன்னைப் பற்றியோ பேச்சே இல்லை. சாப்பாட்டிலிருந்து எழுந்தும் போகவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நாளைக்கு என்ன

கதவு தட்டும் சத்தம். அம்மா இப்படித் தட்டமாட்டாள். விளக்கை அணைக்க நேரமில்லை, கதவுக்குக் கீழே வெளிச்சம் தெரிந்திருக்கும்.

"சுண்டெலி, அவளுக்குத்தானே எழுதற? ஒட்டிடாத. கடைசில எனக்குக் கொஞ்சம் எடம் விடு."

அக்கா, அப்பாவின் குரல்! நான் கதவைத் திற